இன்று விழுந்தவர் யாருமில்லை

செவ்வந்தி விழுந்தால் உடைவாள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பயனில்லை. என் மகளுக்கு ஒன்பது வயது, பிறவியிலேயே எலும்புக்குப் பலமில்லாத நோய். கைக்குழந்தையாக இருந்தபோது தொட்டிலில் புரண்டு படுத்ததற்கு ஒரு முறை கை ஒடிந்தது. பலமாகத் தும்மியதற்கு ஒரு முறை விலா. நம்புவது கஷ்டம்தான், ஆஸ்பத்திரியிலேயே முதலில் நம்பவில்லை. என்னையும் என் மனைவி வைசாலியையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து, குழந்தையை அடித்தீர்களா என்று விசாரித்தார்கள்.

எலும்பு ஒடியும் சத்தம் எனக்கு மனப்பாடம். காய்ந்த முருங்கைக் குச்சியை ஒடித்தால் வருமே, அது. பெரிதாக இருக்காது. அடுத்த அறையில் டிவி அலறிக்கொண்டிருந்தாலும் எனக்கு மட்டும் கேட்டுவிடும். அது கேட்காத நேரங்களில் அதற்காகக் காத்துக்கொண்டிருப்பேன்.

இத்தனைக்கும் என் உத்தியோகமே உடைப்பதுதான். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவு. புது மோட்டாரை எடுத்துச் சூடேற்றி, தண்ணீரில்லாமல் ஓட்டி, அது புகைந்து நிற்கும்வரை வதைப்பேன். எங்கே உடைகிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு தாங்கும் என்று சொல்ல முடியும். அதே கை வீட்டுக்கு வந்தால், செவ்வந்திக்குச் செருப்பு வார் போடக்கூட நடுங்கும்.

"மோட்டாருக்கு இருக்கற மரியாதைகூட எம்பொண்ணுக்கு இல்லீங்களா? அவளையுந்தான் சித்த ஓட விட்டுப் பாருங்களே" என்பாள் வைசாலி. அவளுக்குத் தைரியம் ஜாஸ்தி. வேலைக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வருகிறவளுக்குத் தைரியமாக இருப்பது சுலபம் என்று நான் ஒரு தடவை சொல்லிவிட்டு, இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்தேன்.

டாக்டரும் அவள் கட்சிதான். சுமையே படாத எலும்பு இன்னும் இளைத்துப்போகும், நடக்க விடுங்கள், விளையாட விடுங்கள் என்றார். ஆனால் தொடைக்குள் வைத்திருக்கும் கம்பி இன்னொரு தடவை வளைந்தால், அப்புறம் நிற்பதே சந்தேகம் என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்த நிலைமையில்தான் எங்கள் பக்கத்துக்கு 'மடி' வந்தது.

மடி என்பது குழந்தைகள் பூங்கா. அதைக் கட்டிய நிறுவனத்துக்கும் அதுவே பெயர். திறப்பு நாளன்று செவ்வந்தியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனோம். வாசலில் படியில்லை, வாசற்படிக்குப் பதிலாக வைக்கும் அந்தச் செங்குத்தான சிமெண்டுச் சரிவும் இல்லை. சாலையே அப்படியே பூங்காவாக மாறியிருந்தது. அதை வடிவமைத்த ரெஜினா என்ற பெண் கழுத்தில் அடையாள அட்டையோடு நின்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அவளுடைய தம்பி சக்கர நாற்காலியில் இருந்தவன். எல்லாப் பூங்காவுக்கும் அவனைக் கூட்டிப்போய் வாசலிலேயே உட்காரவைத்துவிட்டு விளையாடினோம் என்றாள்.

"ராட்டினம் தரையோட தரையா இருக்கும் சார், நாற்காலியோடயே ஏறிக்கலாம். முதுகு நிக்காத பிள்ளைக்கு ஊஞ்சலே முதுகைப் பிடிச்சுக்கும். கண்ணு தெரியாத பிள்ளைக்குத் தரை காலுக்கடியில அதிர்ந்து வழி சொல்லும். சத்தம் தாங்காத பிள்ளைக்கு அதோ, அமைதிக்குடில்."

"விழுந்தா?"

"விழ விடாதுங்க. இந்தத் தரை உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்னச் சதுரம். ஒவ்வொண்ணும் தனியா ஏறும், இறங்கும், இளகும். கையில கட்டுற பட்டை வழியா பிள்ளையோட அசைவு அதுக்குத் தெரியும். கால் வழுக்கறதுக்கு முன்னாலயே தரை எந்திரிச்சு வந்து பிள்ளையை வாங்கிக்கும்."

"விழுந்தா?" என்று மறுபடி கேட்டேன். வைசாலி என் முழங்கையைக் கிள்ளினாள்.

ரெஜினா கோபித்துக்கொள்ளவில்லை. அந்தக் கேள்வியை அன்றைக்குப் பலர் கேட்டிருப்பார்கள். என் போனில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள். 'அக்கறை அளவு' என்று போட்டு, ஒன்றிலிருந்து பத்துவரை ஒரு கோடு. ஒன்று என்றால் பெரிய ஆபத்துக்கு மட்டும் தரை குறுக்கே வரும். பத்து என்றால் ஆபத்து வரக்கூடிய திசையிலேயே பிள்ளையைப் போக விடாது. சாதாரணப் பிள்ளைகளுக்கு மூன்று போதும், செவ்வந்திக்கு வேண்டுமானால் ஆறு வையுங்கள் என்றாள்.

பத்து வைத்தேன்.

நான் மட்டுமில்லை. அன்று மாலையே பெற்றோர் வாட்ஸப் குழுவில் யுகனின் அம்மா தன் போன் திரையைப் படம்பிடித்துப் போட்டிருந்தாள்: பத்து. யுகன் பத்து வயதுப் பையன், மான்குட்டி மாதிரி ஓடுவான், அவனுக்கு ஒரு குறையும் கிடையாது. உடனே இன்னொருவர் பத்து போட்டார். இருபது பேர் வரிசையாகப் போட்டார்கள். பத்துக்குப் பத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் நம் ஜனங்களுக்கு அதற்குக் கீழே கை நிற்காது. நூற்றுக்கு நூறு வாங்காவிட்டால் சோறில்லை என்று வளர்ந்த கூட்டம். பெற்ற பிள்ளைக்கு ஆறு மார்க் அக்கறை என்று ஊரறியச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் நான் நிம்மதியாக மூச்சு விட்ட மாதங்கள். தினமும் சாயங்காலம் பூங்கா மூடும் நேரத்துக்குப் போனில் ஒரு செய்தி வரும்: 'இன்று செவ்வந்தி ஒரு முறைகூட விழவில்லை.' கோயில் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது போல அதை இரண்டு முறை படிப்பேன். ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. செவ்வந்தி சரிவில் சறுக்கினாள், ராட்டினத்தில் சுற்றினாள், நாற்காலியை விட்டு இறங்கிக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடக்கவும் நடந்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து அவளைப் பார்த்ததைவிட போனில் அவளுடைய ஆரஞ்சுப் பட்டையைக் காட்டும் புள்ளியைப் பார்த்ததுதான் அதிகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டாள்.

"அப்பா, நான் ஒப்புக்குச் சப்பாணியாங்கப்பா?"

என் கை நின்றுவிட்டது. ஓடிப்பிடித்து விளையாடும்போது கூட வந்து அழும் பொடிசை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்ட மாதிரி பாவனை செய்வோமே, அதுதான் ஒப்புக்குச் சப்பாணி. அது ஓடலாம், கத்தலாம், ஆனால் அதைத் தொட்டாலும் அவுட்டில்லை, அது தொட்டாலும் அவுட்டில்லை. ஆட்டத்தில் இருக்கும், கணக்கில் இருக்காது. சாதாரணக் குழந்தையை அப்படிச் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். நிற்கவே கம்பி வேண்டியிருக்கிற குழந்தையைச் சப்பாணி என்று எவன் சொன்னது?

"யாரு சாமி சொன்னாங்க?"

"யுகன். எல்லாரும் ஆமான்னாங்க."

வைசாலி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "குழந்தைங்க சண்டை, நீங்க போய் நடுவுல நிக்காதீங்க" என்றாள். நான் அதற்குள் செருப்பை மாட்டிவிட்டேன்.

பூங்கா ஓரத்திலேயே ரெஜினாவுக்கு ஒரு சிறிய அறை உண்டு. சுவர் முழுக்கத் திரை. நான் போய் நின்ற வேகத்தைப் பார்த்து அவள் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். நான் உட்காரவில்லை.

"எல்லாப் பிள்ளைங்களும் ஒண்ணா விளையாடத்தானுங்க இதைக் கட்டுனீங்க? எம்பிள்ளையைச் சப்பாணிங்கறான் ஒருத்தன். அவன் என்ன பண்ணான்னு நான் பார்க்கணும்."

"குரல் பதியறதில்ல சார். அசைவு மட்டுந்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு முந்தின நாள் சாயங்காலத்தைத் திரையில் ஓட விட்டாள்.

புள்ளிகள். ஆரஞ்சு செவ்வந்தி, பச்சை யுகன். தொட்டு விளையாட்டு என்று பார்த்தவுடன் தெரிந்தது. பச்சைப் புள்ளி ஆரஞ்சை நோக்கிப் பாய்ந்து வந்தது. கையெட்டும் தூரத்துக்குச் சற்று முன்னால் வளைந்து வேறு பக்கம் போய்விட்டது. திரும்பி வந்தது. மறுபடி வளைந்தது. அடுத்த தடவை மெதுவாக, பூனை நடை நடந்து வந்தது. அப்போதும் தரை அவன் காலை வேறெங்கோ கொண்டுபோய் விட்டது. கடைசியில் பச்சைப் புள்ளி ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"இப்பதான் சொல்லியிருப்பான்," என்றாள் ரெஜினா. "அவன் கெட்ட பையனில்ல சார். அவனால அவளைத் தொட முடியல. தொடவே முடியாத ஆளை ஆட்டத்துல வேற எப்படி வெச்சுக்குவாங்க?"

திரையில் எதையோ தட்டினாள். ஆரஞ்சுப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் தெரிந்தது. உள்ளே அவள் மட்டும்.

"இது யார் போட்ட வட்டம்?"

"நீங்க போட்டது. பத்து."

உட்கார்ந்தேன். "அப்ப எம்பொண்ணு ஒருத்தியைத்தான் இது ஒதுக்கி வெச்சிருக்குதா?"

அவள் மறுபடி தட்டினாள். எல்லாப் புள்ளிகளைச் சுற்றியும் வட்டம் வந்தது. ஓட்டக்காரன் யுகனைச் சுற்றி. கண் தெரியாத ஆயிஷாவைச் சுற்றி. எந்த வட்டமும் எதோடும் முட்டாமல், அத்தனையும் அழகாக நகர்ந்துகொண்டிருந்தன.

"திறந்ததுலேர்ந்து இந்தத் தரை மேல ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைத் தொட்டதில்ல சார். ஊஞ்சலுக்கு அடிச்சுக்கல, கையைக் கோத்துக்கல. முதல்ல முயற்சி பண்ணாங்க. இப்ப ஆளுக்கொரு மூலையில தனித்தனியா விளையாடிட்டுப் போறாங்க."

"குறைச்சு விட வேண்டியதுதானுங்க?"

"பெத்தவங்க வெச்ச அளவை நாங்க தொடக் கூடாது. நான் மேல எழுதிப் பார்த்தேன். அடி இல்ல, கேஸ் இல்ல, பெற்றோர் சந்தோஷமா இருக்காங்க, இதுல என்ன பிரச்சினைன்னு கேட்டாங்க. நீங்க ஒருத்தர் குறைச்சாலும் பிரயோஜனமில்ல. மத்த பிள்ளைங்க வட்டம் அவங்களைத் தள்ளிக் கொண்டுபோயிடும். எல்லாரும் சேர்ந்து குறைக்கணும்."

வீட்டுக்கு வந்து குழுவில் எழுத ஆரம்பித்தேன். 'அன்புள்ள பெற்றோருக்கு' என்று தொடங்கி, எல்லாரும் அளவைக் குறைப்போம் என்று நாலு வரி. அனுப்பவில்லை. நடந்ததை மறைப்பானேன், மற்றவர்கள் எல்லாரும் குறைக்க வேண்டும், என் பிள்ளைக்கு மட்டும் பத்திலேயே இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அந்த வரியைக் குழுவில் போட முடியாது. செவ்வந்தியின் அளவை ஒன்பதாக்கிப் பார்த்தேன். முருங்கைக் குச்சிச் சத்தம் காதுக்குள் கேட்டது. பத்துக்கே திருப்பிவிட்டுப் படுத்தேன்.

அடுத்த சில நாள் யுகன் பூங்காவுக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது வலது கையில் மாவுக்கட்டு. பள்ளிக்கூட வராந்தாவில் தண்ணீர் சிந்தியிருக்கிறது, அதில் கால் வைத்து நட்ட கம்பம் சாய்வது போல விழுந்திருக்கிறான். யுகனின் அம்மா குழுவில் பொரிந்து தள்ளினாள்: பள்ளிக்கூடம் முழுக்க மடித் தரை போட வேண்டும், போடாவிட்டால் நாம் எல்லாரும் சேர்ந்து போய்க் கேட்க வேண்டும். எல்லாரும் கட்டைவிரல் காட்டினார்கள். நானும் காட்டினேன்.

செவ்வந்தி நாற்காலியை உருட்டிக்கொண்டு யுகன் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் போனாள். பெஞ்சு நடைபாதையில் இருந்தது, தரையின் அதிகாரம் அங்கே கிடையாது. பக்கத்து பெஞ்சில் நான்.

"எந்த எலும்பு? ரேடியஸா, அல்னாவா?"

"ரெண்டும்."

"ஆறு வாரம்," என்றாள் செவ்வந்தி, பெரிய டாக்டர் மாதிரி. மாவுக்கட்டை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாள். "அரிக்கும். பென்சிலை உள்ள விட்டுராத, உடைஞ்சு உள்ளயே நின்னுக்கும். எப்படி விழுந்த?"

"தெரியல. வழுக்குச்சு." யுகன் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தான். "தரை எந்திரிச்சு வரும்னு நெனச்சேன். வரல."

பத்து வயதுப் பையன், ஒரு குறையுமில்லாத உடம்பு. விழும்போது கையை எங்கே வைக்க வேண்டும், தலையை என்ன செய்ய வேண்டும் என்று அந்த உடம்புக்குத் தெரியவில்லை. சோதனையே போடாமல் பெட்டியில் கட்டி அனுப்பிய மோட்டார் அது. அப்படி ஒன்றை அனுப்பினால் என் மேலதிகாரி என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

செவ்வந்தி அவனிடம் என்னவோ தாழ்ந்த குரலில் சொன்னாள். அவன் தலையாட்டினான். என்ன பேசினீர்கள் என்று வீட்டுக்குப் போகும்போது கேட்டேன். "கட்டு பத்திங்கப்பா," என்றாள்.

அதன் பிறகு அவள் சாயங்காலம் எப்போது வரும் என்று காலையிலிருந்தே கேட்க ஆரம்பித்தாள். ராத்திரி சோறு இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். சட்டை மடிப்பில் பழுப்பாக ஏதோ தூள் ஒட்டியிருக்கும். துவைக்கப் போடும்போது வைசாலி உதறிக் காட்டினாள். பூங்காச் செடிக்குப் போடுவதாக இருக்கும் என்று நான் விட்டுவிட்டேன். செய்தி வழக்கம்போல வந்துகொண்டிருந்தது: ஒரு முறைகூட விழவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்தேன். செவ்வந்தியின் புள்ளி அமைதிக்குடிலுக்குள் இருந்தது. அவளோடு யுகன், ஆயிஷா, இன்னும் ஏழெட்டுப் பேர். எல்லாப் புள்ளிகளும் ஒன்றாக, ஒன்றின் மேல் ஒன்றாக. பரவாயில்லையே, சினேகிதம் பிடித்துவிட்டார்கள், நெருங்கி உட்கார்ந்து கதை பேசுகிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். ஒரு வாய் டீ குடித்தேன். அப்புறந்தான் உறைத்தது. பத்தில் இருக்கிற குழந்தைகள் நெருங்கி உட்காரவே முடியாது. வட்டம் விடாது.

டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன்.

குடிலுக்குள் ஒரு பிள்ளை இல்லை. கைப்பை மாட்டும் கொக்கியில் பட்டைகள் கொத்தாகத் தொங்கின, வாழைத்தாரில் காய் தொங்குகிற மாதிரி. மேலாக இருந்தது ஆரஞ்சு. பக்கத்தில் செவ்வந்தியின் நாற்காலி, காலியாக.

நாற்காலி காலி என்றால் அவள் காலில் நிற்கிறாள். பட்டை இல்லையென்றால் கீழே இருப்பது வெறும் மண். குடிலுக்குப் பின்னால் தோட்டக்காரர்கள் போகிற கதவு திறந்து கிடந்தது. அந்தப் பக்கம் பூங்காவின் பொடக்காலி. பூந்தொட்டி, மண்வெட்டி, உரமூட்டை போட்டு வைக்கும் கொல்லை. அங்கே மடித் தரை கிடையாது.

கதவை ஒட்டி ரெஜினா நின்றிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கத்தாதீங்க சார். கத்துனா டக்குன்னு திரும்புவா. திரும்புனா தப்பா விழுவா."

அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். கொல்லை நடுவில் மஞ்சித் தூள் குவியல். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார் உரிக்கிற மில்லில் மிஞ்சும் தூளைச் செடிகளுக்காக வாங்கிக் கொட்டுவார்கள். பழுப்பு நிறத்தில், முழங்காலளவு உயரத்துக்குப் பரப்பியிருந்தது. சுற்றிலும் பிள்ளைகள் குந்தியிருந்தார்கள். குவியலின் நடுவில், எதையும் பிடிக்காமல், என் மகள் நின்றுகொண்டிருந்தாள்.

"எப்ப இருந்து நடக்குது?" என்று கிசுகிசுத்தேன்.

"ரொம்ப நாளா. பட்டையெல்லாம் ஒரே இடத்துல தொங்கறது திரையில தெரியாமயா இருக்கும்? முதல் நாளே எச்சரிக்கை மணியை அழுத்த வேண்டியவதான் நான். கையை வெச்சேன். எடுத்துட்டேன்."

"உங்க வேலை போயிருமுங்க."

"தெரியும்."

"எம்பொண்ணு உடைஞ்சா?"

"நான் பொறுப்புன்னு சொன்னா அது பொய் சார். உடையறது அவ எலும்பு. அந்தத் தூளை இன்னும் ரெண்டு லோடு கொட்டச் சொன்னேன். என்னால ஆனது அவ்வளவுதான்."

அவளை அறைந்துவிடலாம் போல இருந்தது. காலில் விழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை, செய்ய நேரமில்லை, ஏனென்றால் செவ்வந்தி பேச ஆரம்பித்துவிட்டாள்.

"எல்லாரும் இங்க பாருங்க. ஆயிஷா, நீ எம்மேல கை வெச்சுக்க." ஆயிஷா எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்துத் தடவிப் பார்த்தாள். "தலையை நெஞ்சுக்குள்ள வாங்கிக்கணும். கையை நீட்டக் கூடாது, நீட்டுனா கை போயிரும். யுகனுக்குப் போச்சில்ல? மடக்கி வெச்சுக்கணும். மூச்சைப் புடிச்சு வெக்காத, விட்டுரணும். அப்புறம் பக்கவாட்டுல சாயணும். சாஞ்சதும் நிக்கக் கூடாது, உருளணும்."

இதையெல்லாம் அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? யாருமில்லை. ஒவ்வொரு ஒடிவுக்கும் ஒன்றாக, அவள் உடம்பே கற்றுக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன், அவள் அழுதுகொண்டே பாடம் படித்திருக்கிறாள்.

ஆயிஷா கையை எடுத்துவிட்டுப் பின்வாங்கினாள். செவ்வந்தி சாய்ந்தாள்.

அந்தக் கணத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கம்பி வைத்த கால் மடிந்தது, தோள் சரிந்தது, பின்னல் காற்றில் எழும்பியது. ரெஜினா என் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். நான் காதை மட்டும் வைத்துக்கொண்டு நின்றேன். தூளில் பொத்தென்று ஒரு ஓசை. அவள் ஒரு சுற்று உருண்டு நின்றாள்.

முருங்கைக் குச்சி ஒடியவில்லை.

பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்து யுகன் எழுந்தான், மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு. சாயப் போனவன் பாதியில் பயந்து இடது கையை ஊன்றிவிட்டான். "ம்ஹும்" என்று எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓரத்தில் போய் உட்கார்ந்தான். செவ்வந்தியும் ஆயிஷாவும் இன்னும் இரண்டு பேரும் குவியல் மேலேயே தொட்டு விளையாட்டு ஆரம்பித்தார்கள். தூளில் கால் புதைவதால் யாராலும் ஓட முடியவில்லை, எல்லாரும் தவழ்ந்தார்கள். ஆயிஷா சத்தத்தை வைத்துத் தவழ்ந்து வந்து செவ்வந்தியின் பாதத்தைப் பிடித்தாள்.

"அவுட்டு!"

என் மகள் தோற்றுப்போய், வாய்விட்டுச் சிரித்தாள். அவளை அப்படித் தோற்க விட்டு நான் பார்த்ததே இல்லை. சிரித்துக்கொண்டே தலையைத் திருப்பியவள் கதவருகில் என்னைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. மற்ற பிள்ளைகளும் பார்த்தார்கள்.

நான் போய் அவள் முன்னால் குந்தினேன். கை தானாக அவள் காலைத் தடவிப் பார்த்தது, தொடை, முழங்கால், கணுக்கால். எல்லாம் இருந்தன.

"அப்பா," என்றாள், கெஞ்சுகிற குரலில். "பத்தையே வெச்சுக்கங்க. குறைக்க வேண்டாம். பட்டையை மட்டும் அங்க மாட்டிட்டு வந்துக்கறேன். உங்களுக்குப் பயமா இருக்குமில்லீங்க?"

எனக்காகத்தான் பட்டையைக் குடிலில் மாட்டி வைத்திருக்கிறாள். நான் செய்தியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதை அவள் பார்த்திருக்கிறாள். அழுகை வந்துவிட்டது. மறைக்க எதையாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன். "உன்னை ஒப்புக்குச் சப்பாணின்னானே யுகன், இப்பவும் சொல்றானா?"

"ஐயோ, நானில்லைங்கப்பா. இவங்கதான்." ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்களைக் காட்டினாள். நன்றாக ஓடுகிற, குதிக்கிற, ஒரு குறையுமில்லாத ஐந்தாறு பிள்ளைகள். "விழத் தெரியாதவங்கள்லாம் ஒப்புக்குச் சப்பாணி. தெரிஞ்சதும் சேத்துக்குவோம். ஆயிஷா நேத்தே பாஸாயிட்டா."

யுகன் என்னைப் பார்த்து, "நாளைக்கு நானும் ஆயிருவேன் அங்கிள்," என்றான்.

"நீங்களும் வாங்கப்பா," என்றாள் செவ்வந்தி.

மறுக்கலாம் என்றுதான் வாயெடுத்தேன். அத்தனை முகமும் என்னையே பார்த்தன. எழுந்து தூளுக்குள் நடந்தேன். முழங்கால்வரை புதைந்தது. தலையை உள்ளே வாங்கினேன், கையை மடக்கினேன். மூச்சை விடச் சொன்னாளே, அது மட்டும் வரவில்லை. சாய்ந்தேன். நாற்பத்திரண்டு வயது உடம்பு என் பேச்சைக் கேட்காமல் கையை வெடுக்கென்று நீட்டியது. மணிக்கட்டு சுளீரென்றது.

தூளில் முகம் புதைந்து கிடந்தபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பார்க்காமலே தெரியும். இன்று செவ்வந்தி ஒரு முறைகூட விழவில்லை.

அவள் என் மேல் குனிந்து மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "ஒடியல. சுளுக்குத்தான். கையை ஊனிட்டீங்கப்பா, ஒப்புக்குச் சப்பாணி. சித்த நேரம் ஓரமா உக்காருங்க, திரும்ப உங்க முறை வரும்."

யுகன் நகர்ந்து இடம் கொடுத்தான். போய் உட்கார்ந்தேன். செவ்வந்தி மெதுவாக எழுந்து, எதையும் பிடிக்காமல், மறுபடி நடுவில் நின்றாள். என் காது அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தது. கத்திவிடாமல் வாயைப் பொத்திக்கொண்டேன்.